கழுத்துப் பக்கம்

அந்த ஹோட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரோரமாக வெந்நீர்க் குழாய்கள் ஓடின. நடுவில் ஆள் உயரத்தைவிட நீளமான ஒரு சூட்டு உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் கொடுத்தால், அந்தப் பக்கம் மொறமொறப்பாக வெளியே வருவதை இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். வெயில் காலத்தில் அங்கே நின்றால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். மழைக் காலத்தில் மட்டும் மேலே வேலை பார்ப்பவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே வந்து குளிர்காய்ந்துவிட்டுப் போவார்கள்.

மடிப்பக்கா வாங்குகிற பக்கம். அவள் மடித்த விரிப்பின் நான்கு மூலையும் நூல் பிடித்தாற்போல் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். அதனால் வந்த பெயர். அவளோடு ஜோடியாக நிற்பவளை எல்லோரும் வெடி என்பார்கள். அவள் சிரித்தால் உருளையின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்.

சலவைக்கூடத்துக்கு நேர் மேலே நடன ஹால். சாயங்காலம் தேநீர் வேளைக்கு பேண்டு தொடங்கிவிடும். ஆனால் பாட்டு கீழே வராது. பாடுகிறவளின் குரல், கிட்டார், கீபோர்டு எல்லாவற்றையும் கான்கிரீட் வடிகட்டிவிடும். கீழே வந்து சேர்வது இரண்டே இரண்டுதான். ஒன்று, மடிப்பக்காவின் அண்ணன் காலால் மிதிக்கும் பெரிய டிரம். இன்னொன்று, அவளுடைய கணவரின் பேஸ் கிட்டார்.

"உனக்கென்னக்கா, ஒருத்தர் அண்ணன், ஒருத்தர் புருஷன். குடும்பமே தலைமேல ஏறி மிதிக்குது" என்பாள் வெடி.

"மிதிக்கட்டும். மிதிச்சாத்தானே வீட்ல உலை கொதிக்குது."

கணவரை அவள் வீட்டுக்குக் கூட்டிவந்ததே அண்ணன்தான். இருவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒன்றாக வாசிப்பவர்கள். டிரம்ஸ்காரர் கால் வைக்கிற இடத்தில் பேஸ்காரரின் விரல் விழும். ஒருவர் சற்றுத் தாமதித்தால் மற்றவரும் அதே அளவு தாமதிப்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்பார்கள் என்று மடிப்பக்கா கேலி செய்வாள்.

இத்தனை வருடம் கூரை வழியாகவே கேட்டுக் கேட்டு, கணவரின் கை தந்தியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. கல்யாணமான புதிதில் அவரே சொல்லிக்கொடுத்ததுதான். தந்தி வந்து முடிகிற இரும்புக் கட்டைப் பக்கம் வைத்து மீட்டினால் சத்தம் காய்ந்த விறகு உடைகிற மாதிரி கெட்டியாக, தனித்தனியாக விழும். கையைக் கிட்டாரின் கழுத்துப் பக்கம் நகர்த்தினால் அதே தந்தி, அதே சுரம், ஆனால் சத்தம் கனத்து, உருண்டு, கொஞ்சம் மங்கி வரும். ஆட்டப் பாட்டுகளுக்கு இரும்புக் கட்டை இருக்கும் அடிப்பக்கம், மெதுவான பாட்டுகளுக்குக் கழுத்துப் பக்கம். அவர் வழக்கம் அதுதான்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டாவதாக வாசித்தது ஆட்டப் பாட்டு. அண்ணனின் மிதியிலிருந்தே தெரிந்தது. ஆனால் பேஸ், ஈரத் துணியைச் சுற்றி அடித்த மாதிரி பொதபொதவென்று வந்தது. மடிப்பக்கா கையில் பாதி மடித்த மேஜைத் துணியோடு நின்றுவிட்டாள்.

"என்னக்கா, துணி வருது, வாங்கு" என்றாள் வெடி.

வாங்கினாள். ஆனால் காது கூரையிலேயே இருந்தது. அடுத்த பாட்டும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும்.

மறுநாள் இருவருக்கும் வாராந்திர விடுமுறை. காலையில் மகள் பள்ளிக்கூடம் போனபின் அவர் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தோலை நகத்தால் கீறி, ஒரே இழுப்பில் கழற்றி, பல்லைக் கிண்ணத்தில் போட்டார்.

"என்னங்க, நேத்து ஆட்டப் பாட்டுக்கு ஏன் கையை மேல, கழுத்துப் பக்கம் வச்சு வாசிச்சீங்க?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஹால்ல புதுசா கார்ப்பெட் போட்டிருக்கான். கீழ அப்படித்தான் கேட்கும்."

"கார்ப்பெட் போட்டா டிரம்ஸும்தானே அமுங்கணும்? அண்ணன் மிதிக்கிறது எப்பவும் போலத்தானே வருது?"

"நீ துணி மடிக்கப் போறியா, பாட்டுக் கேட்கப் போறியா?"

"ரெண்டுக்கும்தான் போறேன். சொல்லுங்க. என்கிட்டயாவது சொல்லுங்க."

பூண்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவினார். துடைத்தார். உள்ளே போய் பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டவில்லை. மாட்டாத தந்தியின் சத்தம் அந்தச் சின்ன அறைக்குப் போதுமானதாக இருந்தது.

"இங்க பாரு. இது அடி. இங்க தந்தி விறைப்பா இருக்கும். விரல் கொஞ்சம் முரட்டுத்தனமாப் போகணும்."

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி மீட்டின. நடக்கிற காலைப் போல, ஒன்று முன்னால் போனால் மற்றது பின்னால் வந்தது. அவளுக்குப் பழகிய அந்த விறகுச் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. நடுவிரல், யாரோ உள்ளேயிருந்து நூலைப் பிடித்து இழுத்ததுபோல் மடங்கி உள்ளங்கைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. ஆள்காட்டி விரல் மட்டும் நொண்டி அடித்தது. பிறகு அதுவும் நின்றது.

அவர் இடது கையால் அந்த விரலைப் பிடித்து நிமிர்த்தினார். நிமிர்ந்தது. மறுபடி தந்தியில் வைத்தார். மறுபடி மடங்கியது.

"வலிக்குதா?"

"வலிச்சாத்தான் பரவாயில்லையே."

"கொடுங்க கையை." அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். விரல்கள் துவண்டு, சொன்னபடி கேட்டுக்கொண்டு கிடந்தன. "மடக்குங்க. நிமிர்த்துங்க. நல்லாத்தானே இருக்கு?"

"எல்லாத்துக்கும் நல்லா இருக்கு. பூண்டு உரிக்கும். சட்டை மாட்டும். உனக்கு ஊசில நூல் கோத்துத் தரும். தந்தியைத் தொட்டா மட்டும் அதுக்கு என்னமோ ஆயிடுது." அவர் கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். "இங்க தந்தி தொளதொளன்னு ஆடும். பலம் வேண்டாம், தடவினாப் போதும். அதனால கொஞ்ச நேரம் ஏமாத்தலாம். மொதல்ல ஒரு விரல் அகலம் மேல போனேன். சரியாச்சு. கொஞ்ச நாள்ல அங்கயும் சுருள ஆரம்பிச்சுது. இன்னும் கொஞ்சம் மேல போனேன். சத்தம் மங்குறதைச் சரிக்கட்ட, பெட்டில திருகைத் திருகி கூர்மையைக் கூட்டினேன். இப்பக் கழுத்தே வந்தாச்சு. இதுக்கு மேல எங்க போறது? அங்க இடது கை உட்கார்ந்திருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்போலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லக் கூடாது. தெரிஞ்சா அவனால என்னை வச்சுக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. எதுக்கு அவனை அந்த எடத்துல நிறுத்தணும்? சரியாயிடும். நீ சொல்லாத."

அவள் தலையாட்டினாள்.

நரம்பு டாக்டர் அவர் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பந்தை அழுத்தச் சொன்னார், ஊசியால் குத்திப் பார்த்தார், விரல்களை வரிசையாகக் கட்டைவிரலில் தொடச் சொன்னார். எல்லாவற்றையும் அந்தக் கை ஒழுங்காகச் செய்தது. பிறகு மேஜை விளிம்பைத் தந்தியாக நினைத்து மீட்டிக் காட்டச் சொன்னார். மேஜையிலும் ஒழுங்காகவே மீட்டியது.

"கையில கோளாறு இல்லை" என்றார் டாக்டர். "தலைக்குள்ள ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் இருக்கு. ஒரே நுணுக்கமான வேலையை வருஷக்கணக்காச் செய்றவங்க சில பேருக்கு, பக்கத்துப் பக்கத்து விரலோட இடம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோயிடும். ஒரு விரலுக்குப் போற உத்தரவு ரெண்டுக்கும் போகும். எழுதுறவங்களுக்கும் வரும், வாசிக்கிறவங்களுக்கும் வரும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் வரும்."

"மருந்து?" என்று கேட்டாள் மடிப்பக்கா.

"ஊசி இருக்கு. சிலருக்குக் கொஞ்சம் கேட்கும். கொஞ்ச காலம் வாசிக்காம இருந்து, மெதுவா வேற விதமாப் பழகிப் பார்க்கலாம். பழையபடி வந்துடும்னு என்னால சொல்ல முடியலைம்மா. பொய் சொல்ல விரும்பலை."

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவள் கேட்டாள். "கை நல்லா இருக்குங்கிறாரு. வாசிக்க வராதுங்கிறாரு. இதை வெளிய சொன்னா யாருங்க நம்புவா?"

"அதனாலதான் சொல்லாதேன்னேன்."

பஸ் வந்தது. கூட்டத்தில் அவர் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளைத் தாங்கிக்கொண்டார். வலது கையால்தான் தாங்கினார்.

அடுத்த வாரம் டிரம்ஸ்காரர் சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்தார். பேண்டுக்காரர்கள் அணியும் நீலக் கோட்டு. ஆவியில் அது அவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. தங்கையைக் குழாய்களுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"வீட்ல ஏதாச்சும் சண்டையா?"

"இல்லையேண்ணே."

"மாப்ள சரியில்ல. நான் ஒரு பக்கம் போறேன், அவன் ஒரு பக்கம் இழுக்கிறான். ஆட்டப் பாட்டுல ஜனங்க எழுந்து வந்து, கொஞ்ச நேரம் காலைத் தேடிட்டு, போய் உட்கார்ந்துடுறாங்க. ஹால் மேனேஜர் ரெண்டு தடவை கேட்டுட்டான். நான் மாப்ளகிட்ட கேட்டா, 'எனக்கு இந்தச் சத்தம்தான் இப்பப் பிடிச்சிருக்கு'ங்கிறான். இது என்ன பேச்சு? என் மேல ஏதும் கோவமா? சொல்லிடு, நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். எனக்கு அவன்கிட்ட கௌரவம் ஒண்ணும் கிடையாது."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. வந்ததை விழுங்கினாள்.

"கோவமெல்லாம் இல்லைண்ணே. தூக்கம் சரியில்ல அவருக்கு."

"தூக்கமா?" அவர் தங்கையின் முகத்தையே பார்த்தார். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம். அதில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்தது. "சரி. தூங்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். மாடிப்படியில் அவர் கால் வழக்கத்தைவிடப் பலமாக விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை ஹாலில் ஏதோ கம்பெனியின் விருந்து. மேஜைத் துணிகள் குவிந்து கிடந்தன. மடிப்பக்காவும் வெடியும் வாய் பேசாமல் மடித்தார்கள். மேலே கால்கள் ஆடுகிற அதிர்வில் விளக்கு லேசாக நடுங்கியது. ஆட்டப் பாட்டு தொடங்கி நன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது பேஸ் நின்றது.

மெலிந்து தேயவில்லை. பட்டென்று நின்றது. டிரம் மட்டும் தனியாக, ஒற்றைக் காலில் நடக்கிற ஆளைப்போல, தொம், தொம் என்று போய்க்கொண்டிருந்தது.

உருளையிலிருந்து விரிப்பு வந்து தரையில் விழுந்தது. மடிப்பக்கா ஈர ரப்பர் செருப்போடு பின்மாடிப்படியில் ஓடினாள். ஹாலின் பணியாளர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள்.

வெளிச்சமும் வாசனையும் கூட்டமும். மேடையில் அவர் நின்றிருந்தார். வலது கை முஷ்டியாக இறுகி வயிற்றோடு ஒட்டியிருந்தது. இடது கை தந்தியை விட்டுவிட்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு விடாமல் வாசித்தார். வெற்றிடம் தெரியாமல் இருக்க, எல்லா டிரம்மிலும் கை ஓடியது. அவரது முகம் வேர்வையில் மின்னியது. மேடைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தவர்கள் அதை டிரம்ஸ்காரரின் தனி வாசிப்பு என்று நினைத்தார்கள். வட்டமாக நின்று கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். கைதட்டல் ஏற ஏற கணவர் விரல்களைப் பிரிக்கிற வேகமும் ஏறியது. பிரியவில்லை.

அவர் தோள் வாரைக் கழற்றி பேஸ் கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். கதவருகே மனைவி நிற்பதைப் பார்த்தார். அவளைத் தாண்டி நடந்தார்.

இடைவேளையில், சமையலறைக்குப் போகிற நடையில், டிரம்ஸ்காரர் இருவரையும் பிடித்தார்.

"என்ன மாப்ள இது? குடிச்சிருக்கியா?"

"நான் என்னைக்குக் குடிச்சேன்?"

"அப்ப என்ன? என்னை நடு ஆத்துல விட்டுட்டுப் போறியே, என்ன?"

மடிப்பக்கா குறுக்கே வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னது, மழைக்கு முன்னால் தொடங்கியது, கை மேலே மேலே போனது. டிரம்ஸ்காரர் கேட்கக் கேட்க அவர் முகத்தில் கோபம் இறங்கி வேறு ஏதோ ஏறியது.

"உனக்குத் தெரியும். அன்னைக்கு நான் கீழ வந்து கேட்டப்போ உனக்குத் தெரியும்."

"அவர் சொல்லக் கூடாதுன்னாருண்ணே."

"நான் யாரோ அப்ப. சரி. கையைக் காட்டு மாப்ள."

காட்டினார். விரித்தார், மடக்கினார். இப்போது அது சாதுவான கையாக இருந்தது. டிரம்ஸ்காரர் தன் கோட்டுக் கையை நீட்டினார். வாசித்த வேகத்தில் சட்டையின் மணிக்கட்டுப் பித்தான் கழன்றிருந்தது.

"இதைப் போடு."

பேஸ்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார். சின்னப் பித்தான், இறுக்கமான துளை. ஒரே முயற்சியில் போட்டுவிட்டார்.

நடையில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. டிரம்ஸ்காரர் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கைக்கு என்ன கேடு? சொல்லு. இது மனசுல இருக்கு மாப்ள. பயந்துட்ட நீ. ஏதோ ஒரு நாள் தப்பாப் போயி, அதையே நெனைச்சு நெனைச்சு..."

"மச்சான், நான் வேணும்னு பண்றேன்னு நெனைக்கிறியா?"

"அப்படிச் சொல்லலை."

"வேற எப்படிச் சொன்ன?"

டிரம்ஸ்காரர் கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு மாசம் வீட்ல இரு" என்றார் கடைசியில். "ஒருத்தனைப் பிடிச்சு ஓட்டுறேன். உன் எடம் உனக்குத்தான். அதை யாரும் தொட முடியாது."

வந்தவன் மூக்குக் கண்ணாடி போட்ட இளைஞன். கண்ணாடி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

பேஸ்காரர் வீட்டில் இருந்தார். சமைத்தார், துணி துவைத்தார், குழாய்க்கு வாஷர் மாற்றினார். மத்தியானத்தில் வீடு காலியானதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து பிளாஸ்திரி போட்டார். பிளாஸ்திரியோடு சேர்ந்து இரண்டும் சுருண்டன. நடுவிரலை விட்டுவிட்டு மோதிர விரலால் மீட்டினார். கொஞ்ச நாள் ஒத்துழைத்துவிட்டு அதுவும் கற்றுக்கொண்டது. தந்தியை மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்து அடித்தார். சத்தம் தகரத்தைக் கிள்ளுவது போல் வந்தது, வில்லையும் நழுவியது. கட்டைவிரலால் மட்டும் தட்டிப் பார்த்தார். கனமான, நல்ல சத்தம். ஆனால் தாலாட்டுக்கு மேல் வேகம் தாங்கவில்லை. மெல்லிய கையுறை மாட்டினார். ஒரு நாள் முழுக்க அது வேலை செய்தது. மனைவி வந்ததும் வாசலிலேயே சொன்னார். அன்று அவளே போய் இனிப்பு வாங்கி வந்தாள். மறுநாள் காலை கையுறைக்குள்ளேயே விரல் சுருண்டது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருநாள் மடிப்பக்காவைத் தெருவில் நிறுத்தினாள். "உங்க வீட்டுக்காரருக்குக் கை முடியலைன்னாங்களே? நேத்து எங்க ஜன்னல் கொக்கியை மாட்டிக் கொடுத்தாரு. நல்லாத்தானே திருகினாரு?"

"ஆமாங்க. அந்த வேலைக்கெல்லாம் நல்லா இருக்கு."

"ஓ" என்றாள் பெண்மணி. அந்த ஒற்றை எழுத்தை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள் மடிப்பக்கா.

மகளும் கேட்டாள். "அப்பாவை பேண்டுலேர்ந்து நிறுத்திட்டாங்களான்னு ஸ்கூல்ல கேட்கிறாங்கம்மா. நான் என்ன சொல்லட்டும்?"

"லீவுன்னு சொல்லு."

"எவ்ளோ நாள் லீவு?"

"உனக்கெதுக்கு அந்தக் கணக்கு? போய்ப் படி."

கீழே சலவைக்கூடத்தில், கண்ணாடியின் பேஸ் முதலில் காதுக்குப் பொறுக்கவில்லை. கையைக் கட்டையோடு ஒட்டி வைத்து, ஆணி அடிக்கிற மாதிரி, தேவையில்லாத இடத்திலெல்லாம் நிரப்பினான். டிரம் ஒரு திசை, அவன் ஒரு திசை. மடிப்பக்காவுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. போகப்போக அவன் குறைத்துக்கொண்டான். அண்ணனின் மிதிக்குக் காத்திருக்கப் பழகினான். ஒரு மாசம் என்று சொன்னது முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

ஒரு சாயங்காலம் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்தாள். தன் வலது பாதம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மேலேயிருந்து வந்த பேஸுக்கும் டிரம்முக்கும், கேட்டு வளர்ந்த பிள்ளையைப்போல் அது ஆடிக்கொண்டிருந்தது.

"இப்பப் பரவாயில்லக்கா, நல்லா வாசிக்..." என்று தொடங்கிய வெடி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மடிப்பக்கா பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். வேலை முடியும்வரை அப்படியே நின்றாள். வீட்டுக்குப் போகும்போது கெண்டைக்கால் வலித்தது.

தினமும் அவள் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்பார், "எப்படி இருந்துச்சு?" தினமும் அவள் சொல்வாள், "ஒண்ணும் சரியில்லைங்க. குழப்புறான்." அன்றும் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு இன்னைக்கு?"

"அதேதான். சேரவே இல்லை."

"கை எங்க வச்சு வாசிக்கிறான்?"

அவள் பையிலிருந்து காய்களை எடுத்து வைத்தாள். "கழுத்துப் பக்கம்தான். ஒரே பொதபொதப்பு."

"ஆட்டப் பாட்டுக்குமா?"

"ஆட்டப் பாட்டுக்கும்தான்."

அவர் காய்களைக் கூடையில் அடுக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இன்னைக்கு நான் வந்திருந்தேன். சரக்கு எறக்குற பின்வாசல்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். அங்க நல்லாக் கேட்குது."

அவள் திரும்பவில்லை.

"அடிப்பக்கம் வச்சுத்தான் வாசிக்கிறான். தெளிவா இருக்கு. மெதுவான பாட்டுக்குக் கையைக் கொஞ்சம் மேல கொண்டுபோறான், அதையும் கண்டுபிடிச்சுட்டான். மச்சானோட நல்லா உட்கார்ந்துட்டான். என்னோட உட்கார்ந்த மாதிரியேன்னு சொல்ல மாட்டேன்." நிறுத்தினார். "இல்ல, சொல்லலாம். அப்படித்தான் இருந்துச்சு."

"ஏங்க அங்கெல்லாம் போய் நிக்கிறீங்க?"

"நீ ஏன் தெனமும் பொய் சொல்ற?"

"வேற என்னத்தைச் சொல்ல? நல்லா இருக்குன்னு சொல்லவா? வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள, நல்லா வாசிச்சான், என் காலே ஆடுச்சுன்னு சொல்லவா?"

சொன்னபிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது. அவர் அவள் காலைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

"ஆடத்தான் செய்யும்" என்றார். "நல்ல வாசிப்புக்கு ஆடத்தான் செய்யும்." எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

அந்த வார விடுமுறையன்று காலை, தெருவில் டிரம்ஸ்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பள்ளிக்கும் அன்று விடுமுறை, மகள் பாடம் படிக்கத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பேஸ்காரர் சட்டென்று எழுந்தார். கலைந்த தலையைக் கையால் கோதினார். உள்ளே போய் பேஸ் கிட்டாரை எடுத்து அவசரமாகச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். அதைப் பார்த்த மடிப்பக்கா தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அண்ணன் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சலவைக்கூடத்துக்கே அந்தச் செய்தி வந்துவிட்டது. கண்ணாடிக்கு நீலக் கோட்டுத் தைக்க அளவு எடுத்துவிட்டார்கள்.

"வா மச்சான். உட்காரு. இங்க பாரு, நான் ஒண்ணு பழகியிருக்கேன்."

"மாப்ள, நான் ஒண்ணு பேச..."

"பேசலாம். மொதல்ல இதைக் கேளு. ஒத்தை விரல்தான். கழுத்துக்கிட்ட வச்சு. மெதுவான பாட்டு மட்டும். அதுக்காவது நான் வரலாம்ல? ஆட்டப் பாட்டுக்கு அவன் வாசிக்கட்டும், நான் எறங்கிக்கிறேன்."

டிரம்ஸ்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேஸ்காரர் வாசித்தார். ஆள்காட்டி விரலின் சதைப்பகுதி மட்டும் தந்தியைத் தொட்டது. இருவரும் இளைஞர்களாக இருந்த காலத்திலிருந்து வாசித்த மெதுவான பாட்டு. சத்தம் வெதுவெதுப்பாக, அவசரமில்லாமல், அறையின் மூலை வரைக்கும் போய்த் திரும்பியது. தேநீர்த் தட்டோடு வந்த மடிப்பக்கா வாசற்படியிலேயே நின்றாள். அண்ணனின் கைகள் அவருக்கே தெரியாமல் தொடைமீது தட்டத் தொடங்கியிருந்தன. குதிகால் தரையில் மிதித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாமல் சேர்ந்து போனார்கள். பல்லவி முடிந்தது. திரும்பி வந்தது. அண்ணனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. 

அப்போது ஆள்காட்டி விரல் நடுங்கியது. ஒரு சுரத்தைத் தவறவிட்டது. அடுத்ததைப் பிடித்தது. பிறகு மற்ற விரல்களோடு சேர்ந்து சுருண்டு உள்ளே போனது.

டிரம்ஸ்காரர் நிறுத்தவில்லை. தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். மேடையில் செய்வது போல, பேஸ்காரர் திரும்பி வந்து சேர்ந்துகொள்ள இடம் விட்டு, குனிந்த தலையோடு தட்டினார். ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று. பேஸ்காரர் விரல்களைப் பிரித்து வைத்தார். சுருண்டன. பிரித்து வைத்தார். சுருண்டன.

"போதும் மச்சான்" என்றார்.

தட்டுவது நின்றது.

"மாப்ள, நான் வந்தது..."

"தெரியும். சொல்ல வேண்டாம்."

"நான் அன்னைக்கு, நீ வேணும்னுதான் பண்றேன்னு... மனசுல இருக்குன்னு..." டிரம்ஸ்காரரின் குரல் உடைந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு குலுங்கியது.

பேஸ்காரர் அழவில்லை. தந்திகள் அதிராமல் இருக்க உள்ளங்கையை அவற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ என்ன பண்ணுவ? ஜனங்க ஆடணும்ல" என்றார். அதைச் சொன்ன விதத்தில் ஆறுதலும் இல்லை, குறையும் இல்லை.

டிரம்ஸ்காரர் எழுந்தார். மடிப்பக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னாலேயே தெரு வரைக்கும் போனாள். அவர் வண்டியில் ஏறாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்கு ஹோட்டல்லயே ஏதாச்சும் பார்க்கிறேன். ஸ்டோர்ல கேட்டு வச்சிருக்கேன்."

"வேண்டாம்ணே."

"ஏன்?"

"தெனமும் அந்தச் சத்தத்துக்குக் கீழ அவரை நிக்க வைக்கவா? பேக்கரில பொட்டலம் போட ஆள் கேட்டிருக்காங்க. இவரே போய்ப் பேசிட்டு வந்துட்டாரு." அவள் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள். "அண்ணே, கோவிச்சுக்காத. கொஞ்ச நாளைக்கு நீ வீட்டுக்கு வராத."

"நானா?"

"உன் வண்டிச் சத்தம் கேட்டதும் தலையைச் சீவிக்கிறாருண்ணே. எடுத்துவச்சு சுருதி சேர்க்கிறாரு. நீ ஒவ்வொரு தடவை வர்றப்பவும் கூப்பிடத்தான் வந்திருக்கேன்னு நெனைப்பாரு. என்னால அதைப் பார்க்க முடியல."

"கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. அவர் வண்டியை உதைக்காமல், சத்தம் வராமல், தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். அங்கே போய்த்தான் கிளப்பினார்.

அவள் உள்ளே வந்தபோது பேஸ் கிட்டார் உறைக்குள் போயிருந்தது. அவர் தேநீர்த் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் டீ குடிக்காமப் போயிட்டானே?"

"வேலை இருக்காம்."

அவர் தன்னுடையதைக் குடித்தார். பிறகு அந்த மூன்றாவது டம்ளரையும் எடுத்தார். "ஆறிடும்" என்று சொல்லிக் குடித்தார்.

மகள் புத்தகப் பையோடு ஓடி வந்தாள். வாசலிலேயே கேட்டாள், "மாமா வந்தாரா? மொனையில வண்டிச் சத்தம் கேட்டுச்சே?"

மடிப்பக்கா டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தாள். "இல்லையே. வேற யார் வண்டியோ."

மகள் மூன்று டம்ளர்களையும் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். "வேற வண்டி."